ராத்திரி நடக்கும் பத்தடி: வீட்டில் முதியோர் விழுவதும், அதைத் தடுப்பதும்

ஜனாஸா வீட்டுக்குப் போனால் வாரிசுகளிடம் "என்ன ஆச்சு, எப்படி இருந்தாங்க?" என்று விசாரிப்பது வழக்கம். ஆலங்காயம், வாணியம்பாடி, போளூர் பக்கத்து ஊர்களில் பல வருடங்களாக இதைக் கேட்டு வருகிறேன். எழுபதைத் தாண்டியவர்கள் விஷயத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழும் பதில் ஒன்று உண்டு. "நல்லாத்தான் இருந்தாங்க ஹஜ்ரத். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க, அதோட படுத்தவங்கதான்."

அடுத்து யாராவது ஒருவர் "வயசாச்சு, அல்லாஹ்வுடைய நாட்டம்" என்பார். நாட்டம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. தூங்கும் முன் விளக்கை அணைக்கவும், கதவைச் சாத்தவும், பாத்திரங்களை மூடிவைக்கவும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை புகாரியில் பார்க்கிறோம். வீட்டுக்குள் வரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே யோசிப்பது தீனுக்குப் புறம்பான காரியமல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கீழே விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு முறையாவது விழுகிறார்கள் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. சாலை விபத்துக்கு ஹெல்மெட், சிக்னல், அபராதம் என்று எத்தனையோ ஏற்பாடுகள் இருக்கின்றன. வீட்டுக்குள் விழுவதற்கு நம்மிடம் இருப்பது "பார்த்துப் போங்க அத்தா" என்ற ஒரே வாக்கியம்தான்.

மலையில் பார்த்த ஒரு மூங்கில்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறினால் காவலூர் வரும். அங்கே 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை அங்கே நிறுவியதற்கு ஒரு காரணம், நகரத்து வெளிச்சம் படாத அந்த வானத்தின் இருட்டு. நட்சத்திரம் பார்ப்பவருக்கு வரமான அதே இருட்டில்தான் மலைக்கிராமத்து எண்பது வயதுப் பெரியவர் சிறுநீர் கழிக்க வெளியே இறங்குகிறார்.

சில வருடங்களுக்கு முன் புளியும் சாமையும் கொள்முதல் செய்யும் நண்பர் ஒருவருடன் ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். ஒரு மண் வீட்டின் வாசல் தூணிலிருந்து கழிவறைச் சுவர்வரை இடுப்பு உயரத்தில் நீளமாக மூங்கில் கட்டியிருந்தார்கள். ஆடு கட்டவா என்று கேட்டேன். வீட்டுப் பையன் சிரித்தான். "இல்ல பாய், எங்க தாத்தாவுக்கு. மூணு வாட்டி விழுந்துட்டாரு. நாலாவது வாட்டி விழுந்தா கீழ தூக்கிட்டுப் போக எங்களால ஆவாது."

அவன் சொன்னதில் மிகை இல்லை. இதே மலைத்தொடரின் வேலூர் பக்கம், அணைக்கட்டை ஒட்டிய அல்லேரி மலையில், 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒரு குழந்தையைச் சரியான சாலை இல்லாததால் நேரத்துக்கு மருத்துவமனை சேர்க்க முடியாமல் போனது. உடலையும் தாய் கையில் சுமந்தே ஊருக்கு நடக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இடுப்பு முறிந்த முதியவரைத் தூக்கிக்கொண்டு இறங்குவது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பையன் எந்த டாக்டரையும் கேட்கவில்லை. தாத்தா ராத்திரி எந்த வழியாக நடக்கிறார் என்று பார்த்தான், அந்த வழியில் பிடித்துக்கொள்ள ஒன்றைக் கட்டினான். அவ்வளவுதான்.

பெரியவர் படுக்கையிலிருந்து எழுந்து கழிவறைக்கும் ஒளூச் செய்யும் இடத்துக்கும் போய்த் திரும்பும் பத்தடி வழி எல்லா வீட்டிலும் உண்டு. வீடு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. இந்த வழியை முதலில் சரிசெய்தால் போதும். 2023இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பு பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வீட்டிலுள்ள ஆபத்துகளைக் கண்டறிந்து நீக்கியதில் முதியோர் விழுவது மொத்தத்தில் 26 சதவீதம் குறைந்திருந்தது. ஏற்கனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைக்குப் பிறர் உதவி தேவைப்படுபவர்கள் போன்ற பலவீனமானவர்களிடம் அது 38 சதவீதம். ஆரோக்கியமாக ஓடியாடும் முதியவர் வீட்டில் இதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, வீட்டை மாற்றுவதன் பலன் அதிகம் போய்ச் சேர்வது பலவீனமானவருக்குத்தான்.

புது வீடு, பளபளக்கும் தரை

மலையிலிருந்து கீழே நம் ஊர்களுக்கு வருவோம். மகன் வெளிநாட்டில் வியர்வை சிந்திச் சம்பாதித்து பெற்றோருக்கு வீடு கட்டுகிறார். வாசலில் கிரானைட் படி, உள்ளே முகம் தெரியும் டைல்ஸ், பாத்ரூமிலும் அதே டைல்ஸ். பழைய வீட்டின் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் நாற்பது வருடம் விழாத தாய், புது வீட்டில் குடியேறிய சில மாதத்தில் விழுகிறார். இதை நான் ஒரு வீட்டில் மட்டும் பார்க்கவில்லை. கடைக்காரர் டைல்ஸ் காட்டும்போது நிறத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஏற்கனவே போட்டுவிட்டவர்கள் உடைக்க வேண்டாம். ஈரம் படும் இடத்தில் அடியில் பிடிமானமுள்ள ரப்பர் விரிப்பு போடலாம். சோப்புத் தண்ணீர் தேங்காமல் துடைக்கலாம். வாசற்படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்டில் ஒரு பட்டை அடித்தால் படி எங்கே முடிகிறது என்று மங்கிய கண்ணுக்கும் தெரியும். ஒரே நிறத்துக் கிரானைட்டில் மூன்று படிகள் இருந்தால் வயதானவர் கண்ணுக்கு அது ஒரு சரிவுபோலத்தான் தெரியும்.

கழிவறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கிறார்கள். அந்தக் கம்பி ஈரத் துண்டைத் தாங்கத்தான் செய்யப்பட்டது, அறுபது கிலோ ஆளை அல்ல. ஒருநாள் சுவரிலிருந்து பெயர்ந்து கையோடு வரும். கைப்பிடிக் கம்பி என்று தனியாகக் கிடைக்கிறது. சுவரில் ஆழமாகத் துளையிட்டு போல்ட் போட்டு, அவர் உட்கார்ந்து எழும்போது கை இயல்பாகப் போகிற இடத்தில் பொருத்த வேண்டும். மேஸ்திரியின் அளவுக்கு விடாதீர்கள், அவரையே உட்காரவைத்து எழச் சொல்லிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குந்தி உட்காரும் கழிவறை மட்டுமே உள்ள வீடுகளில் நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலியை அதன்மேல் வைக்கலாம்.

கதவு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பதாக இருந்து, உள்ளே விழுந்தவர் அதன்மேல் சாய்ந்து கிடந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றலாம். குறைந்தபட்சம் தாழ்ப்பாள் போடாமல் இருக்கும் பழக்கத்தையாவது ஏற்படுத்தலாம். மானத்துக்குப் பயந்து தாழிடுவார்கள். கதவில் ஒரு திரையும், "உள்ளே ஆள்" என்பதற்கு அடையாளமாகத் தொங்கவிடும் ஒரு துண்டும் அந்தக் கவலையைத் தீர்க்கும்.

வெளிச்சம் மிகவும் மலிவான மருந்து. அறுபது வயதுக் கண்ணுக்கு இருபது வயதுக் கண்ணைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வெளிச்சம் தேவை. படுக்கையிலிருந்து கழிவறைவரை சின்ன எல்.இ.டி. இரவு விளக்கு இரண்டு எரியட்டும். கரண்ட் போகும் ஊர்களில் தலைமாட்டில் டார்ச் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தலையணைக்கடியில் வைத்தால் தேடும்போது கிடைக்காது. கட்டிலின் உயரமும் முக்கியம். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பேத்தி கல்யாணச் சீரில் வந்த உயரமான கட்டிலில் நன்னியைப் படுக்க வைப்பது மரியாதை என்று நினைக்கிறோம். இறங்கும்போது அவருக்குக் கால் எட்டாது.

ஒளூவும் தொழுகையும்

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அத்தாவுக்கு முட்டிவலி வந்தபோது ஒளூச் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். இடது காலைக் கழுவக் குனிந்தார். ஈரத் தரையில் நாற்காலியின் கால்கள் அகன்று சறுக்கின. மணிக்கட்டு முறிந்தது. தலை அடிபடாதது அல்லாஹ்வின் கிருபை. நான்கு கால்களும் வழுக்காத ரப்பர் குமிழ் உள்ள, கைப்பிடியுள்ள கனமான நாற்காலியைத்தான் போட்டிருக்க வேண்டும். குனியத் தேவையில்லாமல் ஒரு குவளையும் ஒரு பெரிய தட்டும் கொடுத்திருந்தால் கட்டிலில் உட்கார்ந்தே ஒளூச் செய்திருப்பார்.

சுஜூதிலிருந்து நிலைக்கு எழும்போது தலைசுற்றுகிறது என்று பல பெரியவர்கள் சொல்கிறார்கள். படுத்திருந்தோ உட்கார்ந்தோ எழும்போது இரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவது முதுமையில் சகஜம். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவர்கள் அதைத் தனிப் பிரச்சினையாகவே கணக்கெடுக்கிறார்கள். ஃபஜ்ருக்கு எழும்போது படுக்கையிலேயே கணுக்காலைப் பத்துமுறை மேலும் கீழும் அசைத்து, ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு எழ வேண்டும். பாங்கு சொல்லியாகிவிட்டதே என்ற அவசரத்தில்தான் பலர் விழுகிறார்கள்.

"நிக்க முடியும்போது உக்காந்து தொழலாமா ஹஜ்ரத்?" என்று தயங்குபவர்களுக்கு மூன்று செய்திகள். நபி (ஸல்) அவர்கள் குதிரையிலிருந்து விழுந்து வலப்பக்கத்தில் காயம்பட்டபோது உட்கார்ந்து தொழுவித்தார்கள் (புகாரி). நோயுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ வழிகாட்டினார்கள் (புகாரி). வயதாகி உடல் கனத்தபோது தொழுமிடத்தில் ஊன்றிக்கொள்ள ஒரு தூணை வைத்துக்கொண்டார்கள் என்று உம்மு கைஸ் (ரலி) அறிவிப்பதை அபூதாவூதில் காண்கிறோம். இதில் மூன்றாவதை நாம் அதிகம் பேசுவதில்லை. நின்று தொழ ஆசைப்படும் பெரியவர் சுவரோரம் நின்று ஒரு கையால் ஊன்றிக்கொள்ளட்டும். உங்கள் உறவினருக்கு எந்த அளவு சலுகை என்பதை உள்ளூர் ஆலிமிடம் நிலையை விளக்கிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜும்ஆவன்று வாசற்படியில் குவியும் செருப்பு மலையைத் தாண்டித்தான் முதியவர்கள் உள்ளே வருகிறார்கள். ஹவுளின் ஓரத்துப் பாசி, சுருண்டு நிற்கும் பாய் விளிம்பு, கைப்பிடி இல்லாத மூன்று படிகள் இவையும் உண்டு. புது மினாராவுக்கு வசூல் செய்கிறோம். படிக்கு ஒரு கைப்பிடி அதற்கு முன் வரட்டும்.

மாத்திரைப் பெட்டி

விழுந்ததற்குத் தரையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஐம்பதுக்குமேல் தொடைத் தசை ஆண்டுதோறும் கரைகிறது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தால் தரை எங்கே இருக்கிறது என்பதே காலுக்குத் தெரிவதில்லை. கண்புரை படியை மறைக்கிறது. இவற்றோடு மாத்திரைகளும் சேர்கின்றன. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள், சர்க்கரையைத் தாழ இறக்கிவிடும் மாத்திரைகள். நான்கு டாக்டர்கள் நான்கு காலத்தில் எழுதிக்கொடுத்தவற்றை எல்லாம் பெரியவர் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிடுகிறார். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் ஒரு டாக்டரிடம் கொட்டி, "இதில் விழவைப்பது எது?" என்று கேளுங்கள். ரமலானில் இது இன்னும் அவசியம். மாத்திரை நேரம் மாறுகிறது, உடம்பில் தண்ணீர் குறைகிறது, தராவீஹில் நீண்ட நேரம் நிற்கிறார்கள்.

இந்தியாவிலேயே முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு முதலில் தொடங்கப்பட்டது 1978இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், டாக்டர் வ.செ. நடராஜன் முயற்சியால். இன்று கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. நம் பக்கத்தவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யில் முதியோர் மருத்துவத் துறை இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபி பற்றி ஊர் சுகாதாரச் செவிலியரிடம் கேட்கலாம். வயது முதிர்ந்தோருக்கான அரசு உதவி எண் 14567.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். பெரியவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். எழுந்து, மூன்று மீட்டர் சாதாரணமாக நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள்.

அபாயம் இருக்கிறது என்றவுடன் "எழுந்திருக்காதீங்க, எது வேணும்னாலும் கேளுங்க" என்று உட்காரவைத்துவிடுகிறோம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் ஆறு மாதத்தில் இருந்த தசையும் போய்விடும், பிறகு எழுந்த முதல் நாளே விழுவார். நியூசிலாந்தில் ஒட்டாகோ என்ற பெயரில் வகுத்த எளிய கால் பயிற்சிகளும் நடையும் முதியோர் விழுவதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, பக்கவாட்டில் நடப்பது போன்றவைதான். கைத்தடி வைத்திருப்பவர் அதை வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை அளவுக்குத் தடி இருக்க வேண்டும். அடி ரப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள். மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும்.

விழுந்துவிட்டால்

ஓடிப்போய் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்காதீர்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். தலையில் அடியா, கழுத்து வலிக்கிறதா, காலை அசைக்க முடிகிறதா? ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் தொடை எலும்பின் மேல்முனை முறிந்திருக்கலாம். அசைக்காமல் போர்த்திவிட்டு 108ஐ அழையுங்கள். வலி, காயம் எதுவும் இல்லை என்றால் அவரே பக்கவாட்டில் புரண்டு, முழங்காலிலும் கைகளிலும் ஊன்றி, ஒரு நாற்காலிவரை நகர்ந்து, அதைப் பிடித்து எழட்டும். நாற்காலியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் எலும்பு என்றாலே புத்தூர் கட்டு என்று கிளம்பிவிடுகிறார்கள். கை விரலுக்கோ முன்கைக்கோ யார் எங்கே போனார்கள் என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. இடுப்பு மூட்டு முறிவு வேறு. கட்டுப்போட்டுப் படுக்க வைத்தால் படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, காலில் இரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். முடிந்தால் இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்து சீக்கிரம் எழுந்து நடக்க வைப்பதுதான் இன்றைய முறை. இந்த முறிவு ஏற்பட்ட முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்பது பல நாட்டு அனுபவம். "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்" என்ற முடிவைக் குடும்பத்தார் டாக்டரிடம் பேசும் முன்பே எடுத்துவிடக் கூடாது.

தலையில் அடிபட்டு, காயமில்லை, பேசுகிறார், சாப்பிடுகிறார் என்றாலும் மறந்துவிடாதீர்கள். குறிப்பாக ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரை சாப்பிடுபவரை அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வயதானவர்களுக்கு மண்டைக்குள் இரத்தம் மெதுவாகக் கசிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து வெளியே தெரியலாம். அதிகமாகத் தூங்குகிறார், பேச்சு குழறுகிறது, பேரனின் பெயர் மாறுகிறது, நடை ஒருபக்கம் இழுக்கிறது என்றால் "வயசாச்சு" என்று விடாமல், எப்போது விழுந்தார் என்ற தேதியோடு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

பல பெரியவர்கள் விழுந்ததைச் சொல்வதே இல்லை. சொன்னால் தனியாக நடக்க விடமாட்டார்கள், பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள் என்ற பயம். முழங்கையில் புதிதாக ஒரு சிராய்ப்பு, கைலியில் மண், சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பது இவற்றைப் பார்த்தால் திட்டாமல் கேளுங்கள். எங்கே விழுந்தார் என்று காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்துக்குப் போய், விளக்கை அணைத்து, அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள்.